கழற்றிப் போட்ட பாகங்கள்

வீட்டில் இருந்த, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் காற்று நிற்கவே மாட்டேன் என்றது. மோட்டார் நின்ற மறுநிமிடம் பிரஷர் முள் சரசரவென இறங்கிவிடும்.

வீட்டுக்காரர் விடவில்லை. முதலில் பிரஷர் சுவிட்ச், அடுத்து பிஸ்டன், கடைசியில் மோட்டார் என்று வாரம் ஒன்றாகப் புதிதாக மாற்றினார்.

"கழட்டினதையெல்லாம் என்னங்க பண்றது?" என்றாள் மனைவி.

"குப்பை! உன் தம்பிதான் கண்டதையும் சேர்க்கிறவனாச்சே, அவன் தலையில கட்டு."

அப்படியும் காற்று நிற்கவில்லை. வெறுத்துப்போய், சைக்கிளுக்குக் காற்றடிக்க மைத்துனன் வீட்டுக்கே போனார். அங்கே ஒரு கம்ப்ரஸர் கிண்ணென்று நின்றது. முள் இம்மியும் அசையவில்லை.

"வாங்கினா இப்படி வாங்கணும் மாப்ளே!"

"வாங்கலை மாமா. நீங்க கொடுத்ததையெல்லாம் ஒரு பழைய டாங்க்ல மாட்டினேன். எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ என்னோடதுல என்னடா கோளாறு?"

"டாங்குக்கு அடியில தண்ணி வடிக்கிற திருகு இருக்கே, அதை நீங்க சரியா மூடலை."

"ஐயையோ! உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதடா."

"அக்காதான் மாமா முதல் வாரமே கண்டுபிடிச்சா. எனக்கு மோட்டார் வந்து சேர்ற வரைக்கும் மூச்சு விடாதேன்னு சொல்லியிருந்தா."