லட்சம் பேர் இருக்கும் ஊர்

"அடுப்புல நாலாவது பர்னர் எரியுதா?" என்று கேட்டபடி பான்கேக் தட்டை என் முன்னால் வைத்தாள் கடைக்காரி ஐலா.

எரியவில்லை. ஆனால் அது இவளுக்கு எப்படித் தெரியும்?

"அந்த வீட்டுல அது எப்பவுமே எரியாது கண்ணு. முன்னாடி இருந்தவங்களும் இதையேதான் சொல்லிப் புலம்பினாங்க."

கனடாவின் தண்டர் பே நகரத்துக்கு நான் குடிவந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பெரிய நகரமும் இல்லை, சிற்றூரும் இல்லை. கூட்டத்தில் கரைந்துபோகலாம், வாடகையும் கட்டுப்படியாகும் என்று வரைபடத்தைப் பார்த்து நானே தேர்ந்தெடுத்த ஊர். பதினாறு மணி நேரம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தேன். என் அப்பாவின் குடும்பப் பெயரில் வீடு எடுத்தேன்.

கரைய விட்டால்தானே.

காலையில் இந்தச் சாப்பாட்டுக் கடையின் நீள மேசையில் வந்து உட்கார்ந்தால் போதும், விசாரணை தொடங்கிவிடும். துறைமுகத்துத் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெய்னோ, பனிக்கால டயர் மாட்டியாயிற்றா என்று தினமும் கேட்பார். இரவு வேலை முடித்து வரும் நர்ஸ் டெரீஸ், "நேத்து இருமல் மருந்து வாங்கினீங்களே, சளி எறங்குச்சா?" என்பாள். எந்தச் சர்ச்சுக்குப் போகிறேன், ராத்திரி தூக்கம் வருகிறதா, அந்த நீலக் கோட்டை எங்கே வாங்கினேன்.

மாதக் கடைசியில் வேறு ஊர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அன்று காலை முடிவே செய்திருந்தேன்.

கதவு திறந்தது. குளிர்காற்று முதுகில் பட்டது.

"இந்தம்மாவை இந்தப் பக்கம் எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

நான் திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை. ஆறு மாதம் என் பழைய வீட்டு வாசலில் கேட்ட குரல். பத்திரிகை நிருபன்.

முள்கரண்டியைக் கீழே வைத்தேன். அது தட்டில் பட்டுச் சத்தம் போட்டது.

"மேரி!" என்று ஐலா என்னைப் பார்த்து அதட்டினாள். "தின்னது போதும். வெங்காயம் ஒரு மூட்டை அப்படியே கெடக்கு. உள்ள போ!"

என் பெயர் கொரீன். நான் அந்தக் கடையில் வேலை செய்பவளும் இல்லை.

எழுந்து உள்ளே போனேன். சமையல்காரர் ஏப்ரனையும் கத்தியையும் நீட்டினார். தட்டுகளை வெளியே தள்ளும் ஜன்னலுக்கு ஓரமாக நின்றுகொண்டேன். பாதிக் கடை தெரிந்தது.

நிருபன் செல்போனை வெய்னோவிடம் நீட்டினான்.

"டொராண்டோ பக்கம் ஒரு பையன் குடிச்சிட்டு காரை ஓட்டி, பஸ் ஸ்டாப்புல நின்ன மூணு பேரைக் கொன்னானே, ஞாபகம் இருக்கா சார்? அவனோட அம்மா. நாளையோட ஒரு வருஷம் ஆகுது. ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்."

இறந்த மூவரின் பெயர்களும் எனக்கு மனப்பாடம். அந்தப் பையனுக்கும் ஒரு பெயர் உண்டு. கேலம். நான் வைத்தது.

வெய்னோ கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். நிதானமாகப் பார்த்தார்.

"லட்சம் பேர் இருக்கற ஊருப்பா இது. பக்கத்து வீட்டுக்காரன் யாருன்னே எனக்குத் தெரியாது. இங்க யாரு யாரைக் கவனிக்கறாங்க?"

செல்போன் மேசை நெடுகக் கை மாறியது. ஒவ்வொருவரும் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"ஆஸ்பத்திரியில தினம் நூறு மூஞ்சி பாக்கறேன்" என்றாள் டெரீஸ். "ஒண்ணும் மனசுல நிக்கறதில்ல."

நிருபன் போய்விடவில்லை. ஒரு காபி வாங்கி உட்கார்ந்து, ஆற அமரக் குடித்தான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தேன். அழுவதற்கு ஒரு காரணம் கையிலேயே இருந்தது.

அவன் எழுந்தபோது வெய்னோவே வழியும் சொன்னார். "புதுசா வர்றவங்க யாரும் இங்க தங்கறதில்ல தம்பி. மேற்க வின்னிபெக் போயிடுவாங்க. நேர் ரோடு, எட்டு மணி நேரந்தான்."

கதவு சாத்திக்கொண்டது. பிறகு ஐலா உள்ளே வந்தாள்.

"பான்கேக் ஆறிப்போச்சு. வேற சுடச் சொல்றேன்."

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"நீ வந்த அன்னிக்கே. கோர்ட்டு வாசல்ல நீ நின்ன படத்தை டிவியில எத்தனை நாள் போட்டாங்க!" என் ஏப்ரன் முடிச்சை அவளே அவிழ்த்தாள். நான் நறுக்கிப் போட்ட கூடையை எட்டிப் பார்த்தாள். "வெங்காயத்தை இப்படியா நறுக்குவாங்க? மாட்டுக்கா போடப் போறோம்?"

வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். யாரும் என்னை உற்றுப் பார்க்கவில்லை. வெய்னோ செய்தித்தாளைப் புரட்டியபடியே, பனி அள்ள வீட்டில் மண்வாரி இருக்கிறதா, பிளாஸ்டிக்கா இரும்பா என்று கேட்டார். தபால்காரர் கதவைத் தட்டுகிறாரா, பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறாரா என்று டெரீஸுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் உறைத்தது.

பதினோரு நாளாக இவர்கள் என்னைக் கேட்காத கேள்வியே இல்லை என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். என் வயதில் ஒரு பெண் புதிதாகக் குடிவந்தால், எந்த ஊரிலும் முதலில் கேட்பது ஒன்று உண்டு. அதை மட்டும் இங்கே ஒருவர்கூட, வாய் தவறிக்கூடக் கேட்கவில்லை.

பிள்ளைகள் எத்தனை என்று.