சத்தம் குறைந்த அலாரம்

வீட்டுக் கதவில் மாட்டும் அலாரம் திருடனை விரட்டுவதற்காக என்று உலகமே நம்பிக்கொண்டிருக்கிறது. பெரும்பிழை. ஓடுவதும் ஓடாததும் திருடன் பாடு. அலாரம் அடிப்பது வீட்டுக்குள் இருப்பவருக்காக.

இதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லிஃப்ட் பரிசோதிப்பது அவன் தொழில். மூன்று மாடிக்குக் கேட்காத அபாய மணியை அவன் மணி என்றே ஒப்புக்கொள்வதில்லை. மோட்டார் அறைகளில் கத்திக் கத்தி, அவனுடைய கட்டைக்குரலையே அந்த மணிக்குப் பதிலாக வைக்கும்படி ஆகியிருந்தது.

அடுத்த தெருவில் பட்டப்பகலில் பின்கதவைத் திறந்து ஒரு வீட்டையே துடைத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அம்மா மட்டும்தான். அவனுக்குத் தூக்கம் போயிற்று.

அம்மா லேசுப்பட்டவள் அல்ல. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். 'ஹலோ' என்று முடிப்பதற்குள் பேசுவது யார் என்று சொல்லிவிடும் காது என்று பேரெடுத்தவள். இப்போது வீட்டில் போன் அடித்தால் எடுப்பதில்லை.

"ஆயுசுக்கும் சேத்து எடுத்தாச்சு. இனிமே மத்தவங்க எடுக்கட்டும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். மனைவி எழுந்துபோய் எடுப்பாள்.

அவன் நாலு கடை ஏறி இறங்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். ஆணி வேண்டாம், ஒயர் வேண்டாம், ஆள் வேண்டாம். ஒரு துண்டை நிலையில் ஒட்டவேண்டியது, காந்தத் துண்டைக் கதவில் ஒட்டவேண்டியது. இரண்டும் பிரிந்தால் வீறிடும். கடைக்காரர் அதைப் பிரித்துக் காட்டியபோது எதிர்க்கடையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

கூட வந்திருந்த மனைவி அதைக் கையில்கூட எடுக்கவில்லை. அவள் காட்டியது வேறு. கதவு திறந்தால், சுவர் பிளக்கில் சொருகிய சின்ன விளக்குகள் பளிச்பளிச்சென்று வெட்டும். சத்தம் என்று பார்த்தால், டம்ளரில் கரண்டி பட்ட மாதிரி ஒன்று.

"என்ன இது, திருடனுக்கு வெளிச்சம் காட்டவா?" என்றான்.

"சத்தம் வந்தா எனக்குத் தலைவலி வரும்ங்க."

"நாம வேலைக்குப் போனப்புறம் அடிக்கப்போறதுக்கு உனக்கு எதுக்குத் தலைவலி?"

அவள், இதுதான் வேண்டும் என்று அந்தப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறித் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் வைத்துச் சண்டை எதற்கு என்று அவன் அவளுடையதையே வாங்கினான். ஆனால் ஒட்டாமல் அலமாரியில் வைத்துவிட்டான்.

அக்காவிடம் சொன்னது தப்பு. போனிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அம்மா உயிரைவிட அவளுக்கு அவ தலை பெருசாடா? போன தடவை வந்தப்பவே பாத்தேன். அம்மா எங்க உக்காந்திருந்தாலும் முன்னாடி போய் நின்னுக்கிட்டு மூஞ்சிக்கு நேரா பேசுறா. பெரியவங்கன்னு ஒரு இது வேண்டாம்?"

அதை அவனும் கவனித்திருந்தான். அடுக்களையிலிருந்து ஒரு குரல் கொடுக்க மாட்டாள். நடந்து வந்து, எதிரில் நின்று, விசாரணை அதிகாரி மாதிரி பார்த்துக்கொண்டே பேசுவாள். கேட்டுவிடலாமா என்று பலமுறை நினைத்து, வீட்டில் அமைதி வேண்டும் என்று விழுங்கியிருந்தான்.

சனிக்கிழமை மனைவிக்கு வேலை உண்டு, அவனுக்கு இல்லை. நேராகக் கடைக்குப் போய், முதலில் பார்த்ததையே வாங்கிவந்தான்.

பின்கதவின் நிலையைத் துணியால் துடைத்து, இடைவெளி ஒரு விரல்கூட இல்லாமல் பார்த்து, இரண்டு துண்டுகளையும் ஒட்டினான். அம்மா அடுக்களையில், பின்கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் அது சோதனையே இல்லை என்பது அவன் தொழிலில் பாலபாடம்.

வெளியே போய்க் கதவைச் சாத்தினான். திறந்தான்.

வீறிட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாடிவீட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அம்மா அடுத்த பட்டாணியை எடுத்தாள். பிளந்தாள். கட்டைவிரலால் நெம்பிக் கிண்ணத்தில் தள்ளினாள்.

அவன் பேட்டரியைக் கழற்றினான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த முதுகைப் பார்த்தபடி நின்றான். பிறகு ஒட்டியதையெல்லாம் பெயர்த்தெடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து மனைவியின் பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தான். துண்டுகளைக் கதவில் ஒட்டிவிட்டு, விளக்கோடு அம்மாவைச் சுற்றிவந்து எதிரில் நின்றான். முகத்துக்கு நேராக.

"அம்மா, இதை இங்க சொருகுறேன். கதவு திறந்தா உனக்குத் தெரியும்."

அம்மா அவன் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள்.

அவன் மறுபடி வெளியே போய்க் கதவைத் திறந்தான். சுவரில் விளக்கு வெட்டியது. அம்மாவின் கை நின்றது. திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா கேக்குதுடா" என்றாள். "இதுவே போதும்."

"ஆமாம்மா" என்றான் அவன்.

மாலையில் அக்கா போன் செய்தாள். மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கடைசியில எதைடா மாட்டின?"

"விளக்கு வச்சதை."

"அவ சொன்னதையேவா? ஏன், உனக்கு என்ன வந்துச்சு?"

அவன் மனைவியைப் பார்த்தான்.

"சத்தம் வந்தா எனக்குத் தலைவலி வரும்க்கா" என்றான்.