பீரங்கியும் ஒரு கடிதமும்

"பதினொண்ணே காலுக்குச் சுடணும். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடறேன், கொடு" என்றார் ஜம்புநாதன்.

செல்வராஜ் தன்னைப் பற்றிய நற்சான்றுக் கடிதத்தை நீட்டினான். ஹூஸ்டனின் ஹில்கிராஃப்ட் பகுதியில் ஓர் உணவகத்தில் சமையல்காரன். வன்னியில் பிறந்தவன். போர் முடிந்தபின் மண்டபம் அகதி முகாமில் பத்து வருடம். செவ்வாய்க்கிழமை அவனுடைய அசைலம் வழக்கு, அமெரிக்காவில் புகலிடம் கேட்டு. நீதிபதி நம்பாவிட்டால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள்.

ஜம்புநாதன் ஓய்வுபெற்ற எஞ்சினியர். சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே இருக்கும் இந்தப் பண்ணைக்கு வருவார். பண்ணைக்காரரிடம் இரண்டாம் உலகப்போர் காலத்து ஜெர்மன் பீரங்கி ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை குண்டில்லாமல் வெற்று வேட்டுப் போட்டுக் காட்டுவார்கள். இன்று சுடுகிற முறை ஜம்புநாதனுக்கு.

கடிதத்தை வாசித்தார். "ஹார்ட் ஒர்க்கர். கரெக்ட். வம்புக்குப் போகாதவர். கரெக்ட். இந்தக் கடைசி வரி என்னப்பா? 'இவர் எந்த ஆயுதத்தையும் தொட்டதில்லை.' எனக்கு எப்படித் தெரியும்?"

"லாயர்தான் சேர்க்கச் சொன்னாங்க அங்கிள். அதான் கேஸே. அஞ்சு வருஷமா என்னைப் பாக்கறீங்க. ஜூலை ஃபோர்த் சுதந்திர தின வெடிக்கு உங்க பாத்ரூம்ல போய் உக்காந்துக்கிட்டேனே."

ஜம்புநாதன் சிரித்தார். "உன் ஜலஜா ஆன்ட்டி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா."

பேனாவைத் திறந்தார். கண் பீரங்கி மேல் போனது. கையெழுத்து மறந்துபோனது.

"இது காலாட்படை கூடவே போற பீரங்கி. நானூறு கிலோதான். ஆளுங்களே தள்ளிட்டுப் போவாங்க. டிசைனைப் பாரு. கைப்பிடியை இழுத்தா குழலோட பின்பக்கம் அப்படியே மேல எழும்பும். அதுல குண்டைப் போடணும்."

"சரி அங்கிள்."

"ஆனா மூணரை கிலோமீட்டர்தான் போகும். கிட்டப் போய்த்தான் சுடணும். முன்னாடி மெல்லிசா ஒரு தகடு. பக்கவாட்டுல ஒண்ணும் கிடையாது. எத்தனை பேர் செத்தானோ!"

"சின்னப் பசங்களா இருந்திருப்பாங்க."

"உனக்கு இதெல்லாம் புரியாது, விடு. காதைப் பொத்திக்கோ."

கடிதத்தை அவனிடமே கொடுத்துவிட்டுப் போனார். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே முப்பது பேர் செல்போனை உயர்த்தி நின்றார்கள்.

ஜம்புநாதன் சுடுகிற கயிற்றை இழுத்தார்.

டக் என்றது. அவ்வளவுதான்.

கூட்டம் சிரித்தது. பேட்டரியை மாற்றச் சொல்லி ஒருவர் ஆங்கிலத்தில் கத்தினார். ஜம்புநாதனுக்கு முகம் சிவந்தது. பீரங்கியின் பின்னால் குனிந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"தொடாதேங்கோ!"

செல்வராஜ் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தான். அவர் காலரைப் பிடித்து இழுத்துப் புல்லில் தள்ளினான். உதவிக்கு நின்ற இருவரையும் கையசைத்து விலக்கினான்.

"உள்ளுக்கு நெருப்பு இருக்கும்! பின்னால ஒருத்தரும் நிக்கக் கூடாது!"

அவன் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு எண்ணும்போது உள்ளே இருந்த வேட்டு வெடித்தது.

புகை விலகியது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

ஜம்புநாதன் புல்லிலேயே உட்கார்ந்திருந்தார். தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். குழலின் பின்பக்கத்தைத் திறந்திருந்தால் அந்த முகம் இருந்திருக்காது.

செல்வராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான். கடிதம் அவன் கையில் கசங்கியிருந்தது.

"என்ன வயசு, அப்போ?" என்றார் ஜம்புநாதன்.

செல்வராஜ் கடிதத்தை அவரிடம் நீட்டினான். "பதினஞ்சு, அங்கிள். இயக்கத்துக்காரங்க வீட்டுக்கு வந்து பிடிச்சுக்கொண்டு போனாங்க. இதுமாதிரி ஒண்ணைத் தள்ளிக்கொண்டு போனது ஆறு பேர். நான் மட்டும்தான் மிச்சம்."

ஜம்புநாதன் கடிதத்தை வாங்கி முழங்காலில் வைத்து நீவினார். பேனாவைக் கடைசி வரிக்குக் கொண்டுபோனார்.

"இது இருக்கட்டுமா, அடிச்சுடட்டுமா? நீயே சொல்லு, செல்வா."