ஏழு டிக்

கப்பலின் படகுத் தளத்தில் காலை வெயில் கண்ணைக் கூசுகிறது. உயிர்காப்புப் படகைக் கடலில் இறக்கும் இரும்புக் கையின் அடியில் சீஃப் இன்ஜினியர் குந்தியிருக்கிறார். மடியில் மாதாந்திரப் பராமரிப்பு அட்டவணை. கையிலுள்ள கிரீஸ் கன்னின் வாய், கிரீஸ் ஏற்றும் குமிழைக் கவ்வாமல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. பேனாக்கத்தியால் குமிழைச் சுரண்டுகிறார். வெள்ளை உரிகிறது, அதற்கடியில் பழைய வெள்ளை, அதற்கும் அடியில் சிவப்பு. குமிழின் பித்தளை இன்னும் கண்ணில் படவில்லை. “பெயிண்ட் மட்டும் குறையில்லாம அடிச்சிருக்காங்க,” என்கிறார். பக்கத்தில் நிற்கும் செகண்ட் இன்ஜினியர் தொண்டையைச் செருமுகிறார். “மாசா மாசம் கிரீஸ் போட்டதா டிக் இருக்கே சார்.” “ஏழு டிக். யார் போட்டது?” “நான்தான் சார். வேலை நெருக்கடி. அடுத்த மாசம் சேத்துப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.” படகின் விலாவில் ‘22 பேர்’ என்ற எழுத்து புதுக்கருக்கு மாறாமல் மின்னுகிறது. காற்று அட்டவணையைப் புரட்டப் பார்க்கிறது. சீஃப் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிறார். “படகுக்கு இல்ல, இந்தத் தாளுக்குத்தான் ஏழு தடவை கிரீஸ் போட்டிருக்கோம். நீங்களும் ஒரு கத்தி எடுத்துட்டு வாங்க.” செகண்ட் படியிறங்கிப் போகிறார். சீஃப் மெல்ல விரலை எடுக்கிறார். ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில், ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில், சீஃபின் கையெழுத்து.