மூன்றாவது போல்ட்

எஞ்சின் வெடித்து அண்ணன் செத்த பழைய டிராக் ரேஸ் காரை இருபது வருடம் கழித்து நானும் செல்வின் மாமாவும் பிரித்தோம். அன்று எஞ்சினைக் கட்டியவரும் அவர்தான். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்ததும் அதன் தலையில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைப்பது அவர் வழக்கம். எஞ்சினுக்குள் இருந்த எட்டு போல்ட்டில் மூன்றாவது உடைந்து கிடந்தது. அதில் மட்டும் பொட்டு இல்லை.

"ஆயில்ல அழிஞ்சிருக்கும்டா" என்றார். மற்ற ஏழில் அழியவில்லை.

இன்று எஞ்சினைத் திரும்பக் கட்டி, எட்டு போல்ட்டிலும் பொட்டு வைத்துவிட்டு, மாட்டுவதற்காக அடிமூடியை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை ரேஸ்ல உங்கண்ணன் மாதிரியே பறக்கப்போற, பாரு."

"நான் இல்ல மாமா. ஓட்டுறது நீங்கதான். பேர் குடுத்தாச்சு."

"இந்த வயசுலயாடா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மூடியைக் கீழே வைத்தார். ஸ்பேனரை மூன்றாவது போல்ட்டில் மாட்டினார். பொட்டு வைத்த போல்ட் இன்னும் அரைச் சுற்று இறுகியது.