லிஃப்ட் வேலை செய்யவில்லை

“இந்த ஸ்டேஷன்ல ஒண்ணாவது உருப்படியா இருக்கா? ஃபேன் சுத்தினா காத்து வராது. மைக்ல என்ன சொல்றாங்கன்னு சொன்னவங்களுக்கே புரியாது. பெஞ்ச்ல உட்கார்ந்தா பேன்ட் கிழியுது. இன்னைக்கும் லிஃப்ட் இல்லையாம், விளங்கிடும்!”

டை கட்டியவர் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’ என்று ஒரு போர்டு தொங்கியது. ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் மொத்தமும் அவருக்குப் பின்னால் நின்று தலையாட்டியது. ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

“ஏம்மா, எப்பதான் சரி பண்ணுவீங்க?” டிக்கெட் கவுன்ட்டரைப் பார்த்துக் கேட்டார்.

“கால் இருக்குல்ல? ஏறுங்க,” என்றார் கவுன்ட்டர் அம்மா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

ஸ்டேஷனில் அந்த அம்மாவுக்குப் பேரே சிடுமூஞ்சிதான்.

“திமிரைப் பார்த்தீங்களா? இன்னைக்கே புகார் குடுக்கிறேன்!” டைக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனார்.

அந்தப் புகார் மத்தியானத்துக்குள் லிஃப்ட் மெக்கானிக்கின் தலையில் வந்து விழுந்தது.

“யோவ், லிஃப்ட் ஓடுதா ஓடலையாங்கிறது எனக்கு முக்கியமில்ல,” போனில் மேனேஜர் கத்தினார். “புகார் வரக்கூடாது. இன்னொண்ணு வந்துச்சு, நீ வேலைக்கு வர வேண்டாம்.”

மெக்கானிக் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடி வந்தார். போர்டைக் கழற்றினார். பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் சமர்த்தாக மேலே போய், சமர்த்தாகக் கீழே வந்தது. போன தடவையும் இப்படித்தான். அதற்கு முந்தின தடவையும் இப்படித்தான். நல்லா இருக்கிற லிஃப்டை எப்படி ஐயா ரிப்பேர் பண்ணுவது? முதலில் கெடுத்துவிட்டு அப்புறம்தான் சரி பண்ண வேண்டும்.

யாரோ வேண்டுமென்றே போர்டு மாட்டுகிறார்கள். பிடித்தே தீருவது என்று மறுநாள் காலை சீக்கிரமே வந்து ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

கூட்டம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கவுன்ட்டரிலிருந்து சிடுமூஞ்சி அம்மா வெளியே வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பையிலிருந்து புத்தம் புது போர்டு ஒன்றை எடுத்து மாட்டினார்.

“அக்கா! நீங்களா?” மெக்கானிக் பாய்ந்து வந்தார். “உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்? என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்களே!”

“கத்தாதீங்க தம்பி. ட்ரெயின் வருது. வேடிக்கை பாருங்க, அப்புறம் திட்டுங்க.”

ட்ரெயின் வந்தது. கூட்டம் வந்தது. போர்டைப் பார்த்தது. ‘சே’ என்றது. திட்டிக்கொண்டே படியேறிப் போய்விட்டது. டைக்காரர்தான் எல்லாருக்கும் முதலில் மேலே.

கூட்டம் வடிந்த பிறகு, ஊன்றுகோல் வைத்த ஒருவர் மெல்ல வந்தார். பின்னாலேயே நிறைமாத வயிற்றோடு ஒரு பெண். அப்புறம், நடக்க முடியாத வளர்ந்த மகளை முதுகில் சுமந்துகொண்டு ஓர் அப்பா. மூன்று பேரும் போர்டை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பொத்தானை அழுத்தினார்கள். கதவு திறந்தது. ஏறிப் போனார்கள்.

மெக்கானிக் வாயைப் பிளந்தார். “இவங்களுக்குப் படிக்கத் தெரியாதா?”

“நல்லாத் தெரியும். படியேற முடிஞ்சவங்க போர்டைப் பார்த்ததும் திட்டிட்டுப் போயிடுவாங்க. முடியாதவங்களுக்கு வேற வழி ஏது? எதுக்கும் அழுத்திப் பார்ப்போமேன்னு ஒரு தடவை அழுத்துவாங்க. அப்புறம் போர்டு அவங்களுக்குப் பழகிடும்.”

“போர்டு இல்லேன்னா?”

“இல்லாதப்ப பார்த்தேனே! டைக்காரர்தான் முதல் ஆளா உள்ளே ஓடுவார். ஊன்றுகோல்காரர் ஓரமா நிப்பார், நிப்பார், அதுக்குள்ள அடுத்த ட்ரெயின் கூட்டமே வந்துடும். கொஞ்சம் இடம் விடுங்க சார்னு கேட்டுப் பார்த்தேன். ‘நானும் டிக்கெட் வாங்கித்தானே வர்றேன்’னு என்னையே மடக்கினார்.”

மெக்கானிக்குக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

“எல்லாம் சரிக்கா. இன்னொரு புகார் வந்தா என் வேலை போயிடும். வீட்ல புள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்வேன்?”

அந்த அம்மா லிஃப்ட் கதவுப் பக்கம் போனார். பிறகு தானே போர்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

“உங்க வயித்துல அடிச்சு எனக்கு என்ன புண்ணியம்? எடுத்துட்டுப் போங்க தம்பி.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு கவுன்ட்டருக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை டைக்காரர் லிஃப்டை நோக்கி வேகமாக வந்தார். சட்டென்று நின்றார். பழைய போர்டைக் காணோம். அந்த இடத்தில் அதைவிடப் பெரியதாக இன்னொன்று, நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்டுச் சுவரோடு இறுக்கியிருந்தது:

‘பழுது பார்க்கும் பணி நடைபெறுகிறது.’

பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட்டோடு மெக்கானிக், கையில் ஸ்பேனர்.

“பார்த்தீங்களா!” டைக்காரர் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்தார். “நான் போட்ட சத்தத்துல வேலையை ஆரம்பிச்சுட்டாங்க! இந்த ஸ்டேஷன்லயே எனக்குப் பிடிச்ச ஒரே விஷயம் இதுதான்!”

கூட்டம் கை தட்டியது. புகார் கொடுக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. எல்லாரும் சந்தோஷமாகப் படியேறினார்கள். கவுன்ட்டருக்குள்ளிருந்து முதல் முறையாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பாதிப் படியில் டைக்காரர் நின்று திரும்பினார்.

“ஆமா தம்பி, வேலை எப்ப முடியும்?”

“உங்களால படியேற முடியாமப் போற அன்னைக்கு வந்து பொத்தானை அழுத்துங்க சார்,” என்றார் மெக்கானிக். “கண்டிப்பா வேலை செய்யும்.”