இடதுகைக்காரனின் குழி

நூல் மில் ஊரின் பழைய பேஸ்பால் மைதானத்துக்குப் புது நாற்காலி, புது விளக்கு, புதுச் செம்மண் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் மட்டை பிடிக்கிறவன் நிற்கும் கட்டத்தில் தினமும் காலையில் ஒரு குழி இருந்தது. பின்காலை ஊன்றிக்கொள்ள மண்ணைக் கிளறுவானே, அந்தக் குழி. இருந்த பக்கத்தைப் பார்த்தால் இடதுகைக்காரனுடையது.

தரையைப் பராமரிக்கும் வெண்டல் தினமும் அதை மூடினான். 1949இல் இடதுகை ஆட்டக்காரன் ஓடெல் அங்கேதான் நெற்றிப்பொட்டில் பந்து பட்டு மண்டை பிளந்து செத்தான். கூட்டம் உள்ளே இறங்கி, பந்து வீசியவனை வீச்சு மேட்டிலேயே மட்டையால் அடித்துக் கொன்றது.

"எல்லாத்தையும் புதுசாக்கியாச்சு. உன் பேயாவது பழசா இருந்துட்டுப் போகட்டுமேய்யா" என்று சிரித்தாள் கட்டட மேற்பார்வை பார்க்கும் கார்லா.

"நீ சிரிப்பே. நாளைக்கு முதல் ஆட்டம். எவனாவது கால் மடங்கி விழுந்தா என் தலைதான் உருளும்."

மறுநாள் காலை ஆளில்லாத மைதானத்தில் வெண்டல் குழிக்குள் இறங்கி மண்ணை மிதித்தான். கால் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. காலைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தான். எதிரே, அவன் வழவழவென்று தேய்த்து வைத்திருந்த வீச்சு மேட்டின் உச்சியில் ஒரு காலடி அழுந்தியது. பிறகு முன்சரிவில், அவனை நோக்கி, இன்னொன்று எட்டி விழுந்தது. பந்து கையை விட்டுக் கிளம்பும்போது வைக்கிற அடி அது.